பேரப்பிள்ளைகளின் முகம் வரைய ஆர்ச்சஸ் தாள்: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

பணி ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ணம் பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்ணப் பெட்டிக்குத்தான் முதலில் பணத்தைச் செலவிடுகிறார்கள். பன்னிரண்டு நிறம், இருபத்துநான்கு நிறம் என்று பெட்டி பெரிதாகிக்கொண்டே போக, தாள் மட்டும் பேரனின் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய ஓவிய நோட்டில் மிச்சமானதாக இருக்கும். பேரப்பிள்ளைகளின் உருவப்படம் வரைவதுதான் நோக்கம் என்றால், இந்தச் செலவுக் கணக்கை அப்படியே மாற்றிப் போட வேண்டும் என்பது என் கருத்து. ஆறு டியூப் வண்ணமும் இரண்டு தூரிகையும் போதும். ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி தாளுக்குப் போகட்டும். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது பிரான்சு நாட்டு ஆர்ச்சஸ் ஆலையின் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்டு பிரஸ் (நுண்ணிய மேடு பள்ளமுள்ள பரப்பு) தாள். கைக்குழந்தையிலிருந்து ஏழெட்டு வயதுவரை உள்ள குழந்தைகளின் முகங்களை வரைவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்பீடு இது. இயற்கைக் காட்சி வரைகிறவர்களுக்கு இதே தாளைப் பற்றி வேறு கருத்து இருக்கலாம்.

முதியவர் முகத்தை வரைவது எளிது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. நெற்றிச் சுருக்கம், கன்ன எலும்பு, மூக்கின் தண்டு, வாயோரத்து மடிப்பு என்று கைக்குப் பிடிப்புக் கொடுக்கும் இடங்கள் அதில் நிறைய உண்டு; ஒரு கோடு கொஞ்சம் தடித்துப் போனாலும் அது இன்னொரு சுருக்கமாகக் கடந்து போய்விடும். மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் அப்படி எதுவும் கிடையாது. மூக்குத் தண்டு இன்னும் எழும்பியிருக்காது. கன்னமும் தாடையும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் வழி முழுவதும் ஒரு விளிம்புகூட இல்லாமல் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தின் நடுவில் ஒரு கோடு விழுந்தால் குழந்தைக்கு ஒரே நொடியில் முப்பது வயது கூடிவிடும். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். பெரியவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெரியவர்களின் கண்கள் தலையின் நடுக்கோட்டில் இருக்க, சிறு குழந்தையின் கண்கள் அதற்கும் கீழே இருக்கும். ஆகவே நெற்றியும் உச்சந்தலையும் சேர்ந்து ஒரு பெரிய உருண்டை வெளியாக மேலே நிற்கும்; அந்த வெளியை ஒரே மூச்சில், கோடு விழாமல், நீர்த்த வண்ணத்தால் நிரப்பியாக வேண்டும். இதைச் செய்வதில் கைத்திறனுக்கு ஒரு பங்கு உண்டு. தாளுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

ஆர்ச்சஸ் ஆலை பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் 1492-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது. இந்தத் தாள் முழுக்க முழுக்கப் பருத்தி இழையால் ஆனது. மெதுவாகச் சுழலும் உருளை அச்சில் கூழை எடுத்துச் செய்வதால் இழைகள் ஓரளவு எல்லாத் திசையிலும் பரவி நிற்கின்றன. இதெல்லாம் விளம்பரத்தில் எல்லோரும் எழுதுவதுதான். முகம் வரைகிறவருக்கு முக்கியமானது, தாள் முழுவதும் ஊறும்படி ஏற்றப்பட்ட ஜெலட்டின் பசை. கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் தண்ணீர் தெளித்தால் துளி சற்று நேரம் மேலேயே நின்று பிறகு மெல்ல இறங்குமே, அதே வேலையைத்தான் தாளில் இந்தப் பசை செய்கிறது. பசை குறைவாக இருந்தால் வண்ணம் விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டு மங்கிவிடும். கூடுதலாக இருந்தால் நீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். இரண்டுக்கும் நடுவே நின்று, தாளின் மேற்பரப்பை நீண்ட நேரம் ஈரமாக வைத்திருப்பதில்தான் இந்தத் தாளின் மதிப்பு அடங்கியிருக்கிறது. மரக்கூழால் ஆன மாணவர் தாள்களிலும் பசை உண்டு. ஆயினும் அவற்றில் ஈரம் சீராகக் காய்வதில்லை. ஓரம் ஒரு பக்கம் உலர்ந்துவிட, நடுவில் மட்டும் குளம் தேங்கி நிற்கும். காய்ந்தபின் அந்த எல்லையில் ஒரு கறைக்கோடு தங்கிவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க மொட்டை அடித்த குழந்தையைவிடச் சிறந்த பொருள் கிடையாது. குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலையை நம்மில் எல்லா வீட்டு ஆல்பங்களிலும் காணலாம். வரைவதற்கு அதைப்போல் அழகானதும் இல்லை, கடினமானதும் இல்லை. முடியே இல்லாததால் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. உச்சியில் சன்னல் வெளிச்சம் விழுந்து சந்தனம் ஏறக்குறைய வெண்மையாகத் தெரியும். பக்கவாட்டில் இறங்க இறங்க மஞ்சளாகி, காதுக்குப் பின்னால் பழுப்பாகி, பிடரியில் நீலம் கலந்த நிழலாகிவிடும். தலைப்பகுதியை மட்டும் சுத்தமான நீரால் நனைத்துவிட்டு, மேற்பரப்பின் பளபளப்பு ஒரே சீராகும்வரை காத்திருந்து, நன்றாக நீர்த்த எல்லோ ஓக்கரை (மண் மஞ்சள்) உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து தொடங்கி வளைவாக இழுக்கிறேன். அது ஈரமாக இருக்கும்போதே பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு) பக்கவாட்டில் தொட்டு வைத்து, பலகையை நிழல் பக்கம் சற்றே சாய்த்தால் வண்ணம் தானாகவே நடந்து போய்ச் சேர்கிறது. மாணவர் தாளில் இந்த நேரத்துக்குள் நெற்றிப் பக்கம் காய்ந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து வரும் ஈரம் அந்தக் காய்ந்த இடத்தில் மோதிப் பூக்கோசின் ஓரம்போல் சுருண்டு நிற்கும். ஆர்ச்சஸ் தாளில் பிடரியில் அல்ட்ராமரின் நீலத்தை ஒரு துளி வைத்து முடிக்கும்வரை நெற்றி காத்திருக்கிறது.

அதே படத்தில் இன்னொரு நன்மையும் எதிர்பாராமல் தெரிந்தது. சந்தனம் காய்ந்தால் ஆங்காங்கே தூளாகி வெடித்து நிற்கும் அல்லவா? கோல்டு பிரஸ் தாளின் மேற்பரப்பில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. எல்லாம் நன்றாக உலர்ந்த பிறகு, ஏறக்குறைய ஈரமற்ற தூரிகையில் கெட்டியான ஓக்கரை எடுத்துப் பக்கவாட்டாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வண்ணம் பிடித்துப் பள்ளங்கள் விட்டுப்போகின்றன. சந்தனப் பொடியின் பொருபொருப்பு அப்படியே வந்துவிடுகிறது. ஒவ்வொரு பொடியையும் புள்ளி வைத்து வரைந்தால் இந்த விளைவு வராது.

கன்னத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளின் மாநிறக் கன்னத்தை ஒரே பூச்சில் கொண்டுவர முடியாது; மிக நீர்த்த மூன்று அல்லது நான்கு பூச்சுகளை, ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அடுத்ததாக ஏற்ற வேண்டும். முதலில் ஓக்கரும் பர்மனன்ட் ரோஸும் கலந்த இளஞ்சூடான நிறம். அதன்மேல் பர்ன்ட் சியன்னா. நிழலில் மட்டும் கொஞ்சம் நீலம். மட்டமான தாளில் மூன்றாவது பூச்சு வரும்போது தூரிகையின் உராய்வில் முதல் பூச்சு கரைந்து எழுந்து சேறாகிவிடுகிறது, சில நேரம் தாளே நூல் நூலாகப் பிய்ந்து வருகிறது. ஆர்ச்சஸ் தாளில் கீழ்ப்பூச்சு அசையாமல் இருக்கிறது. ஒளி மேற்பூச்சுகளைக் கடந்து தாளின் வெண்மையைத் தொட்டுத் திரும்புவதால் கறுத்த நிறமும் களையோடு தெரிகிறது. கறுப்பை அழுக்காக்காமல் ஒளியோடு காட்டுவதுதான் நம் வீட்டுக் குழந்தைகளை வரைவதில் முக்கால் பங்கு வேலை. சில பெட்டிகளில் தோல் நிறம் என்ற பெயரில் வெளிறிய இளஞ்சிவப்பு டியூப் ஒன்று வரும். அதை அப்படியே மூடி வைத்துவிடுவது நல்லது. அதில் வெள்ளை கலந்திருப்பதால் தாளின் ஒளி மறைந்துபோவதோடு, அந்த நிறத்தில் நம் தெருவில் ஒரு குழந்தையும் கிடையாது.

திருஷ்டிப் பொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்குழந்தை என்றால் கன்னத்தில் மைப்பொட்டு இல்லாமல் எந்தப் பாட்டியும் படம் எடுக்க விடமாட்டார். அதைக் காய்ந்த தாளில் வைத்தால் கூரிய விளிம்போடு பேனா மை சிந்தியதுபோல் இருக்கும். ஈரத்தில் வைத்தால் பரவிக் காயத் தழும்பாகிவிடும். கன்னத்தின் கடைசிப் பூச்சில் பளபளப்பு அடங்கி, ஆனால் புறங்கையால் தொட்டால் இன்னும் குளிர்ச்சி தெரியும் நிலை ஒன்று உண்டு. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்த கருநிறத்தை அப்போது தூரிகை நுனியால் வைத்தால், மயிரிழை அளவு மட்டும் விளிம்பு கசிந்து, விரலால் மை இட்டதன் தோற்றம் வந்துவிடுகிறது. மற்றத் தாள்களில் அந்த நிலை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இதில் தூரிகையைக் கழுவி, வண்ணம் கலந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வருவதற்கும் நேரம் இருக்கிறது. கண் பார்வையும் கை வேகமும் சற்றுக் குறைந்த வயதில் தொடங்குகிறவர்களுக்கு இது சிறிய சலுகை அல்ல.

திருத்தம் செய்வதைப் பொறுத்தவரை அளவோடுதான் பாராட்ட முடியும். ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்து வண்ணத்தை ஒற்றி எடுத்தாலும் மேற்பரப்பில் பிசிறு எழுவதில்லை. வண்ணம் படாமல் மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக, நிதானமாக உரித்தால் தாள் பிய்வதில்லை. ஆனால் வண்ணம் இழைக்குள் இறங்கிக் குடியேறிவிடுவதால் பழைய வெண்மை முழுமையாகத் திரும்பாது. கருவிழியில் தெரியும் வெளிச்சப் புள்ளியைத் தொடக்கத்திலேயே விட்டுவைக்க வேண்டும். பிறகு சுரண்டிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. பென்சில் கோட்டை அழிக்கப் பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடத்துப் பசை கலைந்து, பின்னால் பூசும் வண்ணம் அங்கே மட்டும் கறுத்துக் காட்டும். மாவுபோல் பிசைந்து ஒற்றியெடுக்கும் ரப்பர்தான் இதற்கு ஏற்றது. அதைவிட நல்லது, முகத்தின் கோட்டுப்படத்தை வேறு சாதாரணத் தாளில் அடித்துத் திருத்தி முடித்துவிட்டு, சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஆர்ச்சஸ் தாளில் மெல்லிய கோடாகப் படியெடுத்துக்கொள்வது, 300 ஜி.எஸ்.எம். தாள் தடிமனானதுதான் என்றாலும் காலை வெயில் படும் சன்னலில் கோடு தெரியும்.

கடையில் கோல்டு பிரஸ், ஹாட் பிரஸ், ரஃப் என்று மூன்று பரப்புகளைச் சொல்வார்கள். மேடு பள்ளம் மிகுந்த ரஃப் குழந்தை முகத்துக்கு வேண்டாம். வழவழப்பான ஹாட் பிரஸ்தான் குழந்தையின் தோலுக்குப் பொருந்தும் என்று எவருக்கும் தோன்றும். நுணுக்கமான பென்சில் வேலைக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அதில் நீர் வழுக்கி ஓடுவதால் பூச்சின் ஓரங்கள் கூர்மையாகக் காய்கின்றன, நீர் பின்வாங்கிய இடமெல்லாம் கறைபடுகிறது. பழகிய கைக்குத்தான் அது அடங்கும். என் பரிந்துரை இதுதான்: படத்தில் முகம் உள்ளங்கையைவிடப் பெரியதாக வருமானால் கோல்டு பிரஸ், அஞ்சலட்டை அளவுப் படத்தில் முகம் எலுமிச்சம்பழ அளவில் வருமானால், மேடு பள்ளம் இமைக்கோட்டைச் சிதறடித்துவிடும் என்பதால் ஹாட் பிரஸ். நிறத்திலும் இயல்பு வெள்ளை, பளிச்சென்ற வெள்ளை என்று இரண்டு உண்டு. இயல்பு வெள்ளை சற்றே பால் ஏட்டு நிறத்தில் இருப்பதால் மாநிறத்துக்கு அடியில் இதமாக நிற்கிறது.

 300 ஜி.எஸ்.எம். தடிமனுக்கும் நிறைய நீர் விட்டால் தாள் மேடு தட்டத்தான் செய்யும், அந்தப் பள்ளத்தில் வண்ணம் தேங்கத்தான் செய்யும். 640 ஜி.எஸ்.எம். தாளில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் இரு மடங்குக்குக் குறையாது. நான்கு ஓரமும் பசையிட்டு ஒட்டிய ப்ளாக் வடிவில் வாங்கினால் காயும்போது தாள் பெரும்பாலும் தானே இழுத்துக்கொண்டு சமமாகிவிடுகிறது. படம் முழுவதும் உலர்ந்தபின், ஓரத்தில் பசையில்லாமல் விட்டிருக்கும் இடைவெளியில் மழுங்கிய கத்தியை நுழைத்து மேல்தாளைப் பிரிக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம், ஒரு படம் முடியும்வரை அடுத்த தாளைத் தொட முடியாது. பேத்தி படத்தின் முதல் பூச்சு காயும் நேரத்தில் பேரன் படத்தைத் தொடங்க நினைப்பவர்கள் முழுத்தாள் வாங்கி வெட்டிக்கொள்வதே மேல். முழுத்தாள் 56-க்கு 76 செ.மீ. அளவுள்ளது, நான்காக வெட்டினால் 28-க்கு 38 செ.மீ. அளவில் நான்கு உருவப்படங்களுக்கு ஆகும். கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் ப்ளாக்கைவிட இதுவே மலிவு. இரண்டு பக்கமும் வரையலாம் என்பதால், கெட்டுப்போன படத்தின் பின்பக்கத்தை நிறம் கலந்து பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

சென்னையின் வானிலைக்கு இந்தத் தாள் எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஒரு பூச்சு காய்வதற்குள் காபி குடித்து, நாளிதழும் படித்து முடித்துவிடலாம், மென்மையான விளிம்புகளுக்கு அதுவே மிக நல்ல பருவம். கத்திரி வெயிலில் நிலைமை வேறு. மேலே மின்விசிறி சுழன்றால் எந்தத் தாளும் காத்திருக்காது. முதல் பூச்சு முடியும்வரையாவது விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வியர்வை தாளில் படாமல் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்வதும் அவசியம், ஏனெனில் விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காமல் விலகி நிற்கும்.

ஈரக்காற்றில் இன்னொரு தீங்கும் உண்டு. சரியாக மூடிவைக்காத தாளில் நாளடைவில் பசை அழிந்து, வண்ணம் பூசும்போது அங்கங்கே கரும்புள்ளிகளாக உறிஞ்சிக்கொள்ளும். வெளியில் பார்க்கும்போது தாளில் ஒரு குறையும் தெரியாது. நகரத்துக் கடை ஒன்றில் தள்ளுபடிக்குக் கிடைத்ததே என்று நான் வாங்கிய தாள்கள் இப்படித்தான் இருந்தன. கன்னம் முழுவதும் அம்மைத் தழும்பாக வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கடைக்காரர் தாளையும் குறை சொல்லவில்லை, தம் கிடங்கையும் குறை சொல்லவில்லை. என் தண்ணீரைக் குறை சொன்னார். அன்றிலிருந்து தாள் வாங்கியதும் ஓர் ஓரத்தில் மெல்லிய நீலப் பூச்சு ஒன்றைப் பூசிப் பார்த்துவிட்டே வரையத் தொடங்குகிறேன். வீட்டிலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரில் சாய்க்காமல் படுக்கையாக, மரப்பெட்டியிலோ பீரோவிலோ வைக்க வேண்டும். இராமபாணப் பூச்சிக்குப் பசையேற்றிய தாள் விருந்து என்பதால் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

சிலருக்கு முக்கியமாகப் படக்கூடிய செய்தி ஒன்று. ஜெலட்டின் என்பது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. தாளை நனைத்தவுடன் எழும் மெல்லிய வாடைக்கு அதுவே காரணம். காய்ந்ததும் வாடை போய்விடுகிறது. தூரிகையை உதட்டில் வைத்துக் கூர் தீட்டும் பழக்கம் உள்ள சைவ உணவுக்காரர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. மனம் ஒப்பாதவர்களுக்கு இத்தாலியின் ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ இருக்கிறது. அதுவும் முழுப் பருத்தி, ஆனால் விலங்குப் பொருள் சேராதது. அதன் பரப்பு சற்று மென்மையானது என்பதால் கன்னத்துக்கு அதையே விரும்புகிறவர்களும் உண்டு. நம் பக்கத்தில் புதுச்சேரியின் அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதப் பிரிவு 1959 முதல் பருத்திக் கூழில் தாள் செய்துவருகிறது. பொதுவாகக் கைக்காகிதத்தில் பசையின் அளவு தாளுக்குத் தாள் மாறும் என்பதால் மொட்டைத் தலைக்கு அதை நான் துணிய மாட்டேன். பாவாடைச் சட்டையும் கனகாம்பரமுமாக நிற்கும் முழு உருவத்துக்கு அதன் முரட்டு இழை நன்றாகவே பொருந்துகிறது.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1931-இல் மும்பையில் மை தயாரிக்கத் தொடங்கி, இப்போது கொக்குயோ கேம்லின் என்று வழங்கும் நிறுவனத்தின் கேமல் ஆர்டிஸ்ட் வரிசை டியூப்களே தொடக்கத்துக்குப் போதும். மாணவர் வரிசையிலிருந்து அது வேறு என்பதைக் கடையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிவப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தரமான டியூப்களின் மேல் பெரும்பாலும் நிறமிக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும், பி.ஆர். 83 என்றிருக்கும் அசல் அலிசரின் கிரிம்சனும், ஒளிரும் சாயம் கலந்த ஓப்பரா ரோஸும் வெளிச்சத்தில் மங்கக்கூடியவை. பழுப்பும் நீலமும் அப்படியே நின்று, கன்னத்துச் சிவப்பும் உதட்டுச் சிவப்பும் மட்டும் போய்விட்டால், குழந்தை கல்லூரிக்குப் போகும் காலத்தில் படத்தில் இருப்பது சோகை பிடித்த முகமாக இருக்கும். பி.வி. 19 என்ற குறியீடுள்ள பர்மனன்ட் ரோஸ் அந்தக் கவலை தராது. எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் ஆகிய மூன்றும் நிலைத்து நிற்பவை. இவற்றோடு செருலியன் நீலமும், பட்டுப்பாவாடைக்கு ஏற்ற ஒரு பளிச்சென்ற மஞ்சளும் இருந்தால் ஆறு நிறமும் நிறைந்துவிடும். தூரிகைக்கு எட்டாம் எண்ணில் ஒன்று, இரண்டாம் எண்ணில் ஒன்று. ஈரத்தில் நனைத்து உதறினால் நுனி ஒன்றாகக் கூடுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கினால் செயற்கை மயிரே போதுமானது.

இத்தனை நல்ல தாளிலும் படம் தேறாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. அது மூலப் புகைப்படம். சிறு பிள்ளையை உட்காரவைத்து வரைய முடியாது, புகைப்படத்தைத்தான் நம்ப வேண்டும். அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டு வருவதால் நிழலின் நுணுக்கங்கள் அழிந்திருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் அசல் படம் அப்படியே வந்து சேரும். முகத்துக்கு மிக அருகில் கைபேசியை நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாகிக் காது பின்வாங்கிவிடும் என்பதால், இரண்டு மூன்று அடி பின்னால் நின்று பெரிதாக்கி எடுக்கச் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் அறவே வேண்டாம். ஒரு பக்கத்துச் சன்னல் வெளிச்சம் போதும். அழகுபடுத்தும் ஃபில்டரையும் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் முகத்துக்கு ஃபில்டர் எதற்கு என்று நான் கேட்டதற்கு, அது தானாகவே ஓடுகிறது என்று பதில் வந்தது.

விலைக்கு வருவோம். இருபது தாள் கொண்ட நடுத்தர அளவு ப்ளாக் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாணவர் தாளோடு ஒப்பிட்டால் தாளுக்குத் தாள் பல மடங்கு. வாரம் ஒரு படம் வரைகிறவருக்கு இது பொறுக்கக்கூடிய செலவு என்றே நினைக்கிறேன். இத்தனை விலை கொடுத்தோமே என்ற அச்சத்தில் கை நடுங்குமானால் நான்கில் ஒரு பங்குத் தாளையும் இரண்டாக வெட்டி, காதை மட்டும், வாயை மட்டும், ஒரு கன்னத்தை மட்டும் வரைந்து அச்சத்தைப் போக்கிக்கொள்ளலாம். கோட்டுப்படப் பயிற்சிக்கு மலிவுத் தாள் சரி. பூச்சுப் பயிற்சியை மலிவுத் தாளில் செய்வது வீண், ஏனெனில் அங்கே பழகிய நேரக்கணக்கு இங்கே செல்லாது. இன்னும் முகத்தின் அளவுகளே பிடிபடாத நிலையில் இருப்பவர்களும், பென்சில் சித்திரத்துக்கு மேல் மெல்லிய நிறம் கொடுத்தால் போதும் என்பவர்களும் இதை வாங்க வேண்டியதில்லை. நாம் வரைவதைப் பார்த்துத் தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று பேரன் பக்கத்தில் வந்து உட்காருவான். அவனுக்கு ஓவிய நோட்டே போதும், அவனிடம் தாளின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முடிந்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இடும்போது, காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் அமிலமற்ற அட்டைச் சட்டம் ஒன்றை வைக்கச் சொல்ல வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவரையும் தவிர்க்க வேண்டும். படத்தின் பின்பக்கம் குழந்தையின் பெயர், வயது, மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஈரக்காற்றில் கசிந்து முன்பக்கத்து நெற்றிவரை வந்துவிடக்கூடும்.